மாமியின் கனடாப் பாஸ்போட்டை யாழ்ப்பாணத்தில் இருந்து புதுப்பிப்பது எப்படி?

கொக்குவில் மருமகள் கேட்டது:

மாமிக்கு 76 வயது. ஸ்காபரோவில் கனகாலம் இருந்துவிட்டு, மாமா காலமான பிறகு இங்கே எங்களோடு வந்து இருக்கிறார். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர், ஆகவே இலங்கைப் பாஸ்போட்டும் உண்டு. கனடாப் பாஸ்போட் வருகிற ஆனியோடு முடிகிறது. ஆவணியில் ரொறன்ரோவில் பேத்தியின் கலியாணம்.

வீட்டில் ஆளுக்கொரு கதை. ரொறன்ரோ மச்சான் சொல்கிறார், "இப்ப எல்லாம் ஒன்லைன்தான், என்ர விலாசத்தைப் போட்டு நானே செய்து விடுறன், படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில அனுப்புங்கோ." என் கணவர், கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், புதிதாகத் திறந்த பாஸ்போட் கந்தோரில் கேட்டுப் பார் என்கிறார். மாமிக்கோ எதிலும் அக்கறை இல்லை. "இலங்கைப் பாஸ்போட்டில போனால் விடமாட்டானே?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்கிறார்.

யார் சொல்வது சரி? மாமிக்கு முழங்கால் வருத்தம், கொழும்புக்கு இரவு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போக எனக்குப் பயமாக இருக்கிறது.

மானிப்பாய்த் தம்பி:

அக்கா, அண்ணையின் யோசனையை முதலில் வெட்டிவிடுங்கள். கச்சேரியில் 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி திறந்தது எங்கள் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம். அங்கே இலங்கைப் பாஸ்போட் மட்டும்தான். எங்களுக்கு அது பெரிய உதவி, முன்பு வவுனியாவுக்கோ பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்கோ ஓட வேண்டும். கனடாக்காரருக்கு அங்கே ஒன்றும் ஆகாது.

நல்லூர் திரும்பி வந்தவன்:

பிள்ளை, நானும் கனடாப் பாஸ்போட்டோடு நல்லூரில் குந்தியிருக்கிறவன்தான், புதுப்பித்ததும் இங்கிருந்தே. மூன்று பேர் சொன்னதும் பிழை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இலங்கைப் பாஸ்போட்டில் போகும் கதை: 2016 நவம்பர் 10இல் இருந்து இரட்டைக் குடியுரிமை உள்ள கனடாக்காரர் விமானத்தில் கனடா போவதென்றால் செல்லுபடியாகும் கனடாப் பாஸ்போட் காட்ட வேண்டும். இலங்கைப் பாஸ்போட்டைக் காட்டினால் கட்டுநாயக்காவில் விமானக் கவுண்டரிலேயே மறித்துவிடுவார்கள். இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். குடிவரவு மேசையில் இலங்கையுடையது, விமானக் கவுண்டரில் கனடாவுடையது.

மச்சானின் கதை: ஒன்லைனில் புதுப்பிக்கும் வசதி கனடாவுக்குள் இருப்பவர்களுக்குத்தான். மாமி இருப்பது கொக்குவிலில். ஸ்காபரோ விலாசத்தைப் போட்டால் அது அரசாங்கத்துக்குச் சொல்லும் பொய். கலியாண வீட்டுக்குப் போகிற மனுசிக்கு ஏன் அந்த வில்லங்கம்? வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது. மாமியின் பழைய பாஸ்போட் கையில் இருந்து, பழுதாகாமல், பெயர் மாறாமல், கடந்த 15 ஆண்டுக்குள் எடுத்ததாக இருந்தால் அது எளிய புதுப்பித்தல். பிறப்புச் சான்று, உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கும் ஆள், எதுவும் தேவையில்லை. தொலைத்திருந்தால்தான் பாடு. பொலிஸ் முறைப்பாடு, முழுப் படிவம், எல்லாம் முதலில் இருந்து. தொலைந்தது என்று அறிவித்த பிறகு அலுமாரிக்குப் பின்னால் அகப்பட்டாலும் அந்தப் பாஸ்போட் செல்லாது.

இப்போது படம். மினக்கெடுவதென்றால் இதில்தான் மினக்கெட வேண்டும். எங்கள் ஸ்ரூடியோக்காரருக்குப் பாஸ்போட் படம் என்றால் 35க்கு 45 மில்லிமீற்றர். கனடாவுக்கு 50க்கு 70. நாடியில் இருந்து உச்சி வரை முகம் 31இல் இருந்து 36 மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும். அளவை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய், படம் எடுத்த பிறகு அடிமட்டத்தை வைத்து அளந்து பாருங்கள், வெட்கப்படாதீர்கள். அடுத்தது, எங்கள் பெடியள் கணினியில் முகத்தை வெளுப்பாக்கி, சுருக்கத்தை அழித்து, மாமியைப் பொம்பிளை பார்க்க வந்த இடத்துக்கு அனுப்புகிற படம் போல ஆக்கிவிடுவார்கள். கைவைத்த படத்தைக் கனடா ஏற்காது. "ஒன்றும் திருத்தாதே தம்பி" என்று பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். பின்னணி வெள்ளையாக இருக்கும், அதனால் வெள்ளைச் சேலை வேண்டாம், அரக்கோ பச்சையோ உடுத்திவிடுங்கள். சிரிப்பு இல்லை. ஒரு படத்தின் பின்புறத்தில் ஸ்ரூடியோவின் பெயர், முழு விலாசம், எடுத்த திகதி மூன்றும் இருக்க வேண்டும். பலரின் முத்திரையில் பெயரும் ரெலிபோன் நம்பரும் மட்டும்தான் கிடக்கும். விலாசத்தைப் பேனையால் எழுதுவியுங்கள். படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், போன வருடத்துப் படத்தைக் கொடுக்காதீர்கள்.

கையெழுத்து பெட்டிக்குள் நிற்க வேண்டும், கோட்டில் முட்டக்கூடாது. மாமியின் கை நடுங்கினால் வெறும் தாளில் அதே அளவுப் பெட்டி கீறிப் பழக்குங்கள்.

கொழும்புப் பயணத்துக்கு: கொள்ளுப்பிட்டியில் உள்ள கனடா உயர்ஸ்தானிகராலயத்துக்கு முதலில் மின்னஞ்சல் போட்டு, கூரியரில் அனுப்பலாமா, உங்கள் கணவர் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று எழுத்தில் கேட்டு எடுங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பஸ் ஏறாதீர்கள். பாஸ்போட் அச்சாவது கனடாவில். 20 வேலைநாள் என்பது கணக்கு, அதற்கு மேல் தபால் நாட்கள். ஆவணிக் கலியாணத்துக்கு மாசியிலேயே கொடுத்துவிடுங்கள், ஆனி வரும்வரை பார்த்திருக்கத் தேவையில்லை.

ஐந்து வருடமா பத்து வருடமா என்று மாமி கட்டாயம் கேட்பார். வெளிநாட்டில் எடுத்தால் ஐந்துக்கு 190 டொலருக்கு மேல், பத்துக்கு 260க்கு மேல். எண்பத்தாறு வயது மட்டும் இருப்பேனோ என்று புறுபுறுப்பார். பத்தையே எடுங்கள். இந்தப் படப் பாட்டை இன்னொருமுறை படுவதற்கு 70 டொலர் சொச்சம் மலிவு.

லண்டன் அன்ரி:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மாமியின் இலங்கைப் பாஸ்போட் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள் தங்கச்சி. கலியாணம் முடிந்து அங்கே நின்றுவிட்டால், அதைப் புதுப்பிப்பது இதைவிட இழுவை. நாங்கள் லண்டனில் எங்கள் தூதரகத்தில் கைரேகை வைத்துக் கொடுத்தால் விண்ணப்பம் பத்தரமுல்லைக்குப் போய்த்தான் புத்தகமாகத் திரும்பி வரும். மாதக்கணக்கு. 2024இல் வெற்றுப் பாஸ்போட் புத்தகம் தட்டுப்பாடானபோது பட்ட பாடு சொல்லி மாளாது. கொக்குவிலில் இருக்கும்போதே கச்சேரியில் முடிப்பது சுகம்.

கொக்குவில் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. அன்ரி, இலங்கையுடையது 2031 வரை இருக்கிறது. ஐயா, படிவத்தைப் பதிவிறக்கிவிட்டேன். மாமியை இரண்டு வருடமாவது தெரிந்த, சொந்தம் இல்லாத இரண்டு பேரின் பெயர் கேட்கிறது. எங்கள் ஒழுங்கையில் சொந்தம் இல்லாதவர் என்றால் தபால்காரர் மட்டும்தான்!

நல்லூர் திரும்பி வந்தவன்:

தபால்காரரும் பரவாயில்லை. அவர்கள் கனடாக்காரராக இருக்க வேண்டியதில்லை. கோயில் ஐயரைப் போடலாம், மாமி மருந்து எடுக்கும் டொக்டரைப் போடலாம், ஸ்காபரோவில் பழைய பக்கத்து வீட்டுக்காரி இருந்தால் அவரையும் போடலாம். சம்பந்தியைப் போடாதீர்கள், அதுவும் சொந்தம்தான். யாரைப் போட்டாலும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், மாமியைப் பற்றி விசாரிக்கத் தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தால் எடுக்கச் சொல்லி. ஐயர் பூசை நேரத்தில் போனை நிறுத்திவைப்பவர் என்றால் டொக்டரே நல்லது.