எல்-பூர் கவிதைக் கூட்டத்தில் ஒரு நோட்டு

சேன் ஆந்த்ரேவிலிருந்து:

மலைப்பக்கத்து ஊர்களில் நடக்கும் இலக்கியக் கூட்டங்களுக்குப் போனவர்கள், அங்கே யாரைச் சந்தித்தீர்கள், என்ன கேட்டீர்கள் என்று எழுதுங்களேன். நானே தொடங்கி வைக்கிறேன்.

பிரான்ஸில் 1999 முதல் ஆண்டுதோறும் மார்ச்சில் 'கவிஞர்களின் வசந்தம்' என்ற விழா நடக்கிறது. இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான நம் ரியூனியன் தீவிலும் அதே மார்ச்சில்தான். இங்கே அது புயலும் மழையும் ஓயாத காலம். நமக்கு வசந்தம் செப்டம்பரில்தான் எட்டிப் பார்க்கும். எல்-பூர் இருக்கும் சலாசி மலைப்பகுதிக்கு ஏற இருப்பது ஒரே சாலை. கூட்டத்துக்குப் போன அன்றைக்குப் பாறை சரிந்து முக்கால் மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். இரண்டு பக்கமும் பந்தல் பந்தலாகச் சௌசௌக் கொடி. இவர்கள் அதைச் சூசூ என்கிறார்கள். புதுச்சேரியை விட்டு வந்த புதிதில் சந்தையில் அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எல்-பூரில் பழைய க்ரியோல் வீடு ஒன்றின் தாழ்வாரத்தில் கூட்டம். முப்பது பேர் இருப்போம். கவிஞர் இளம்பெண். முதலில் இந்தத் தீவின் பழைய கவிஞர் லாகோசாத்தைப் பற்றிச் சொன்னார். அடிமை வம்சத்துத் தாய்க்குப் பிறந்தவர் என்பதால் இந்தத் தீவின் பள்ளியில் இடம் கிடைக்காமல் பிரான்ஸுக்குப் போய்ப் படித்தவர் அவர். 1839இல் வந்த தன் முதல் தொகுப்புக்கு இந்தச் சலாசியின் பெயரையே வைத்தார். அப்புறம் அந்தப் பெண் தன் சொந்த ஃபோன்கேர் சொல்ல ஆரம்பித்தார். ஃபோன்கேர் என்றால் நெஞ்சின் அடியாழம். தீவின் பேச்சுமொழியான க்ரியோலில் சொல்லும் கவிதைக்கு இங்கே அதுதான் பெயர். கையில் தாள் கிடையாது. நின்ற இடத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கூரைத் தகரத்தில் மழை பலமாக அடித்ததும் நிறுத்தி, அது தணிந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார்.

முடிவில், வேறு யாராவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். எண்பது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு இழுத்துப் பாடினார். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ராகம் மட்டும் எங்கேயோ கேட்டதாக இருந்தது. நாலாவது அடியில் 'தருமராசன்' என்று காதில் விழுந்தது. அடுத்து 'தம்பிமார்'. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தமிழ்! அவர் பாடி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் கைதட்டக்கூட முடியவில்லை, கண் கலங்கிவிட்டது.

கிட்டே போய் "வணக்கம் ஐயா" என்றேன். "வணக்கம்" என்றார். அவருக்குத் தமிழ் அவ்வளவுதான் தெரியும், மீதியெல்லாம் க்ரியோல். அப்பா வார்த்தியாலாக இருந்தாராம். நம் கூத்து வாத்தியார்தான் இங்கே வார்த்தியால். நாடகம் நார்ல்கோன். பாரதம் பார்ல்தோன். தீமிதிக்கு முன் 18 நாள் விரதத்தில், பாந்தியாலே அம்மன் முன்னால் பாரதம் படிப்பார்கள். பாந்தியாலே யார் என்று கேட்டுவிடாதீர்கள், நம் பாஞ்சாலிதான். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் மூட்டையோடு கொண்டுவந்த கதை. தலைமுறை தாண்டிப் பேச்சுமொழி போய்விட்டது; பாட்டு மட்டும் நின்றிருக்கிறது.

பெரியவர் ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்து, உள்ளே துணியில் சுற்றியிருந்த நோட்டை எடுத்தார். பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு. அட்டையில் மஞ்சள் பொடிக் கறை. தமிழ் வரிகளைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருந்தார் அவர் அப்பா. நீல மை ஈரத்தில் ஊறி, ஓரங்களில் ஊதாவாகப் படர்ந்திருந்தது. சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று ஒரு இடைவெளியும் இல்லை. "இதில் என்ன சொல்லியிருக்கிறது, மகளே? அறுபது வருடமாகப் பாடுகிறேன்" என்றார்.

அன்றைக்கு இரண்டு பக்கம்தான் முடிந்தது. ஒரு வரியை நான் சத்தமாகப் படிப்பேன், அவர் பாடிக் காட்டுவார், பாட்டில் சொல் பிரியும், நான் பொருள் சொல்வேன். ஓரிடத்தில் 'அராகுமாலிகே' என்று இருந்தது. 'அழகு மாளிகை' என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பி, ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது: அடுத்த வரியில் நெருப்பு வருகிறதே! அது அரக்கு மாளிகை. பாண்டவர்களை உயிரோடு எரிக்கக் கட்டிய வீட்டை அழகு என்று சொல்லிக்கொடுத்துவிட்டேனே என்று தூக்கமே வரவில்லை. காலையில் போன் செய்து திருத்தினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அந்த இடத்தில் மட்டும் அப்பா குரலைத் தாழ்த்துவார். ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது" என்றார்.

சேன் லூயிலிருந்து:

படித்ததும் எழுதத் தோன்றியது. நான் சிலாவோஸில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். அது நம் ஊர் வசந்தத்திலேயே, அக்டோபரில். நானூறுக்கு மேற்பட்ட வளைவுகள் உள்ள சாலை, வயிற்றைப் புரட்டும். நாவலாசிரியர் ஒருவர் தன் புதிய கதையிலிருந்து ஓர் அத்தியாயம் வாசித்தார். சிலாவோஸ் பருப்பு பேர்போனது, பொடிப்பொடியாகத் தோலோடு இருக்கும். முன்வரிசைப் பெண்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதில் கல் பொறுக்கியபடியே கேட்டார்கள். நகரத்தில் இப்படிச் செய்தால் முகம் சுளிப்பார்கள். ஆனால் கேள்வி நேரத்தில் அவர்களில் ஒருவர்தான் கேட்டார்: "மகன் வீட்டை விட்டுப் போன அன்றைக்கு அந்த அம்மா அடுப்பு மூட்டினாளா, இல்லையா? அதை நீங்கள் சொல்லவில்லையே." எழுத்தாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தான் அதை நினைத்தே பார்க்கவில்லை என்றார். அப்படி ஊன்றிக் கேட்பவர்கள் முன்னால் வாசிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

லா பொஸெசியோனிலிருந்து:

நான் செவிலி. வேலையாக மஃபாத் மலைப்பகுதிக்குப் போய்வருவேன். அங்கே சாலையே கிடையாது, நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். ஒரு முறை அங்குள்ள லா நூவெல் ஊருக்குப் போகிற வழியில் எங்களோடு ஒரு கவிஞரும் நடந்தார். கோல் தெ பேஃப் கணவாயிலிருந்து இரண்டு மணி நேரம் இறக்கம், கால் வழுக்கும் சேறு. புத்தகங்களைக் குப்பை போடும் கறுப்புப் பையில் கட்டி முதுகில் சுமந்து வந்தார். பள்ளிக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். வாசித்து முடித்ததும் ஒரு பையன் கை தூக்கி, இவ்வளவையும் நீங்களே தூக்கிக்கொண்டு வந்தீர்களா என்று கேட்டான். ஆமாம் என்றார். "அப்படியானால் இன்னும் ஒன்று வாசியுங்கள்" என்றான். மூன்று வாசித்தார்.

சேன் ஆந்த்ரே அக்கா, அந்தப் பெரியவரின் நோட்டை உடனே போட்டோ எடுத்து வையுங்கள். மலை ஈரத்துக்குத் தாள் நிற்காது.

சேன் ஆந்த்ரேவிலிருந்து:

எடுத்துவிட்டேன் தங்கச்சி, எல்லாப் பக்கமும். இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமை போகிறேன். அவர் பேத்தி கல்லூரியில் படிக்கிற பெண், அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கொள்கிறாள். வரிக்கு வரி தமிழ் எழுத்தில் நான் எழுத, அவள் பிரெஞ்சில் பொருள் எழுதுகிறாள். சூதாட்டம் வரை வந்திருக்கிறோம். பகடை உருளும் இடத்தில் தாத்தா தொடையில் தாளம் போடுவார். அந்த அடி மூன்று முறை வரும் என்பது நோட்டில் இல்லை, அவர் கையில்தான் இருக்கிறது.

கடைசி நாலு பக்கம் மை முழுக்கக் கரைந்து வெறும் நீலமாக இருக்கிறது. அதை அவர் மனப்பாடமாகச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வரும் சனிக்கிழமை புது நோட்டு வாங்கிக்கொண்டு போகிறேன்.