ஐசோட்ரெட்டினோயின் (முகப்பரு மாத்திரை): ஏழாவது மாதப் புதுப்பிப்பு

"மாத்திரை தொடங்கி மூணு வாரம் ஆச்சு, பரு கூடிட்டே போகுது, நிறுத்தவா?" என்று இங்கே புலம்பியிருந்தேன், ஞாபகம் இருக்கா? நிறுத்தவில்லை. ஆரம்பத்தில் கிளம்பும், பிறகு அடங்கும் என்று நாகர்கோவில் டாக்டர் சொன்னபடியே இரண்டாம் மாதக் கடைசியில் அடங்கியது. இப்போது தாடையில் தழும்பு மட்டும்தான்.

ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டவர்களுக்கு: என் எடை 50 கிலோ. கிலோவுக்கு 120 மில்லிகிராம் வீதம் மொத்தம் 6,000 மில்லிகிராம் மருந்து சாப்பிட்டு முடிக்க வேண்டும். தினம் 20 மில்லிகிராம் என்றால் 300 நாள்.

கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் சரியாகச் சேரும். நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்? மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் அரைத்த மீன்கறியும் முடிந்த கையோடு மாத்திரை.

உதடுதான் பாடாய்ப் படுத்துகிறது. கொட்டாவி விட்டால் ஓரம் வெடிக்கும். சட்டைப்பையில் வாசலின் டப்பா இல்லாமல் மார்த்தாண்டம் பஸ்கூட ஏறுவதில்லை. "மக்ளே, காய்ஞ்சு கருவாடாயிட்டியே" என்று அம்மா மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை வாங்கி வந்தாள். நல்லவேளை, டாக்டரிடம் கேட்டேன். அதில் வைட்டமின் ஏ இருக்கிறது. இந்த மருந்தும் அதே குடும்பம், சேர்த்தால் ஆபத்து.

ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு) கொஞ்சம் ஏறியதால் பரோட்டாவுக்கு லீவு.

"மிச்ச மாத்திரை இருந்தா தங்கச்சிக்குக் கொடுங்கண்ணே" என்று கேட்ட தம்பி, தர மாட்டேன். கர்ப்பத்தில் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து இது. கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டு.