கட்டநகர்த்தியா, பள்ளநகர்த்தியா? ஃபேசர் பெடலுக்கு ஒரு தமிழ்ச் சொல்

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

கிதார் ஒலியைச் சுழல்வதுபோலக் கேட்கவைக்கும் நான்கு படி ஃபேசர் பெடல் ஒன்றின் செய்முறைக் குறிப்பு முழுதும் தமிழில் தயாராகிறது. சுற்றுப்படம் முடிந்தது. மின்தடையம், மின்தேக்கி, பின்னூட்டம், செயல்பாட்டுப் பெருக்கி வரை பாடநூல் சொற்களே போதுமாக இருந்தன. பெடலின் பெயரில்தான் முட்டி நிற்கிறேன்.

எழுத்துப்பெயர்ப்பாக "பேசர்" என்று எழுதினால் "பேசார்" என்று படிக்கிறார்கள். ஆய்தம் போட்டு "ஃபேசர்" என்றால் ஓரளவு சரி. ஆனால் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லவில்லை. அலையின் கோணத்தைக் குறிக்கும் ஃபேஸுக்குப் பாடநூலில் "கட்டம்" இருக்கிறது, ஆகவே "கட்டமாற்றி" என்று தொடங்கினேன். பட்டியலின் முதல் வரியிலேயே சிக்கல்: "நான்கு கட்டக் கட்டமாற்றி". முதல் கட்டம் படி, இரண்டாம் கட்டம் கோணம். படிப்பவர் பாவம்.

சுற்று இதுதான். இரட்டைச் செயல்பாட்டுப் பெருக்கி டிஎல்072 மூன்று: ஒன்று உள்ளீட்டுத் தாங்கிக்கும் வெளியீட்டுக் கலவைக்கும், இரண்டு நான்கு படிகளுக்கும். அலையியற்றிக்குத் தனியாக ஒரு டிஎல்062. ஒவ்வொரு படியிலும் 10 கிலோ ஓம் இரண்டு, 47 நானோ ஃபாரட் ஒன்று, ஜேஃபெட் (கேட் காலில் கொடுக்கும் வோல்ட்டேஜால் தடை மாறும் டிரான்சிஸ்டர்) ஒன்று, அதன் குறுக்கே 22 கிலோ ஓம். கலவையில் படிகளுக்குள் போகாத நேர்க் குறிக்கும் படிகளைக் கடந்த குறிக்கும் தலா 150 கிலோ ஓம். மின்கலம் 9 வோல்ட். பெயர் தாருங்கள்.

மடல் 2

> "நான்கு கட்டக் கட்டமாற்றி"

இலங்கைப் பாடநூல்களில் இந்தச் சிக்கல் இல்லை, ஐயா. அங்கே அலையின் கோணத்துக்கு அவத்தை, படிக்கு வேறு சொல் உண்டு. "அவத்தைபெயர்ப்பி" என்று வைத்தால் குழப்பமே வராது. தடையி, கொள்ளளவி, செயற்பாட்டு விரியலாக்கி ஆகியவற்றோடும் ஒத்துப்போகும்.

தமிழ்நாட்டில் மின்வாரியச் சொல்லைப் பார்த்தால் மூன்று ஃபேஸ் "மும்முனை மின்சாரம்" ஆகிவிட்டது. மின்கலத்தின் நேர்முனை, எதிர்முனை ஏற்கெனவே இருக்கும்போது "முனைநகர்த்தி" என்று எழுதினால் கம்பியைக் கழற்றி மாட்டச் சொல்வதுபோல ஆகிவிடும். சிலர் எழுதும் "தறுவாய்" இன்னொன்று. அதைக் கேட்டதும் "சாகும் தறுவாய்" தவிர வேறெதுவும் நினைவுக்கு வருவதில்லை.

மடல் 3

அவத்தை நல்ல சொல்தான். ஆனால் இக்கரையில் அதைக் கேட்டவர் "அவஸ்தை" என்பார். பெடல் கட்டுகிறவருக்கு அது பொருத்தம் என்பது வேறு விஷயம்.

நிலவின் வளர்ச்சி தேய்வுக்கு நம்மிடம் "கலை" என்ற பழைய சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் நிலவுக்கும் அலைக்கும் ஒரே சொல் என்பதால் "கலைநகர்த்தி" என்றும் யோசிக்கலாம். யோசித்துவிட்டு விட்டுவிடலாம், ஓவியக் கண்காட்சியை இடம் மாற்றும் வண்டி என்று நினைப்பார்கள்.

என் கட்சி: கோணத்துக்குக் கட்டமே இருக்கட்டும், பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் அது தெரியும். இடையூறு செய்யும் மற்றக் கட்டத்தைப் "படி" ஆக்கிவிடுங்கள். "நாற்படிக் கட்டநகர்த்தி". இலக்கணமும் இடிக்காது, ஓசையும் கெடாது.

மடல் 4

படி, கட்டம் பிரிந்தது நல்லது. ஆனால் பெட்டிக்குக் "கட்டநகர்த்தி" என்று பெயர் வைப்பதை ஏற்க முடியவில்லை. பழுது பார்க்க உட்காரும்போதுதான் காரணம் புரியும்.

நான்கு படிகளும் கட்டத்தை நகர்த்துகின்றன, உண்மை. ஆனால் படி எந்த அதிர்வெண்ணையும் குறைப்பதில்லை. பாடநூல் வழக்கில் "முழு அனுமதி வடிப்பான்" என்பார்கள். எதையும் வடிக்காத வடிப்பான்! காதில் விழும் அந்தச் சுழற்சி, நகர்ந்த குறியும் நகராத குறியும் 150 கிலோ ஓம் தடையங்கள் வழியாகச் சேரும் இடத்தில்தான் பிறக்கிறது. 180 பாகை எதிரெதிராக வரும் அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். அதுதான் பள்ளம். இரண்டு படிக்கு ஒரு பள்ளம், நான்கு படிக்கு இரண்டு.

நேர்க் குறியின் 150 கிலோ தடையத்தில் உலர் சால்டர் (சரியாக ஒட்டாத ஈயப் பற்று) இருந்து தொடர்பு விட்டுப்போனால் என்ன கேட்கும்? ஒலி வரும், சுருதி மட்டும் லேசாக ஆடும். சுழற்சி இருக்காது. கட்டம் அப்போதும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. "கட்டநகர்த்தி" என்ற பெயரை நம்புகிறவர் நான்கு ஜேஃபெட்டையும் கழற்றிப் போடுவார். பள்ளத்தைப் பெயரில் வைத்தால் நேரே கலவைப் புள்ளிக்குப் போவார்.

ஆகவே "பள்ளநகர்த்தி".

கணக்கையும் வைக்கிறேன். ஜேஃபெட் மின்னோட்டம் விடாமல் முழுக்க மூடியிருக்கும்போது படியில் 22 கிலோ ஓமும் 47 நானோ ஃபாரடும்தான். மைய அதிர்வெண் சுமார் 154 ஹெர்ட்ஸ். பள்ளங்கள் அதன் 0.414 மடங்கிலும் 2.414 மடங்கிலும் விழும், அதாவது 64 ஹெர்ட்ஸிலும் 372 ஹெர்ட்ஸிலும். கிதாரின் தடித்த ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸ் என்பதால் முதல் பள்ளம் காதுக்கு எட்டாது. ஜேஃபெட் 1 கிலோ ஓம் அளவுக்குத் திறந்தால் பள்ளங்கள் ஏறத்தாழ 1,465 ஹெர்ட்ஸுக்கும் 8,540 ஹெர்ட்ஸுக்கும் ஏறிவிடும். அலையியற்றி ஜேஃபெட்டின் கேட்டை ஆட்டுவதால் வரும் இந்த ஏற்ற இறக்கம்தான் பெடல்.

பள்ளத்தின் ஆழமும் அந்த இரண்டு 150 கிலோ தடையங்களின் கையில்தான். 5 சதவீத வகையைப் போட்டு இரண்டும் எதிரெதிராகப் பிசகினால் 10 சதவீத வித்தியாசம், பள்ளம் 26 டெசிபலோடு நின்றுவிடும். 1 சதவீத மெட்டல் ஃபிலிம் போடுங்கள். படிகளின் 10 கிலோக்களுக்கும் அதே விதி. அவை பொருந்தாவிட்டால் முழு அனுமதி என்ற பேச்சே பொய்யாகிவிடும்.

மடல் 5

> ஆகவே "பள்ளநகர்த்தி".

சாலை போடும் வண்டிபோல இருக்கிறது. ஆனால் வாதம் சரி.

பெயர்ப்பலகை பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் துறையிலேயே சாட்சி இருக்கிறது. ஃபெண்டர் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வைத்த கைப்பிடிக்கு "டிரெமலோ" என்று பெயர். அது மாற்றுவது சுருதியை. அதே நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபையர்களில் "வைப்ராட்டோ" என்று எழுதிய சேனல் மாற்றுவது ஒலியளவை. இசையில் டிரெமலோ என்றால் அளவு அசைவு, வைப்ராட்டோ என்றால் சுருதி அசைவு. இரண்டும் தலைகீழ். ஜப்பானின் ஷின்-எய் யூனிவைபில் "கோரஸ்", "வைப்ராட்டோ" என்று ஒரு சுவிட்ச் உண்டு. உள்ளே விளக்கும், ஒளி பட்டால் தடை மாறும் உறுப்புகளும் கொண்ட நான்கு படிகள். கோரஸ் பக்கம் தள்ளினால் நேர்க் குறி சேரும், நாம் பேசுகிற பள்ளங்கள் வரும். வைப்ராட்டோ பக்கம் நேர்க் குறி துண்டிக்கப்படும், சுருதி மட்டும் ஆடும். முந்தைய மடலில் சொன்ன உலர் சால்டர் பழுது அங்கே ஒரு வசதியாகவே விற்கப்பட்டிருக்கிறது.

தமிழில் எழுதும்போதாவது சுருதி அசைவுக்கும் அளவு அசைவுக்கும் வெவ்வேறு சொல் வைப்போம். "கமகம்" என்று யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். கமகத்தில் கைக்கும் ராகத்துக்கும் வேலை உண்டு, இங்கே ஒரு மின்தேக்கி தானாக நிரம்பி வடிகிறது. அவ்வளவுதான்.

மடல் 6

அந்தத் தானாக நிரம்பி வடியும் பகுதிக்கும் பெயர் வேண்டும். "தாழ் அதிர்வெண் அலையியற்றி" சரியான சொல்தான், ஆனால் பலகையில் 12 மில்லிமீட்டர் இடத்தில் அச்சிட முடியாது. "ஊசலி" எப்படி? ஊசல், ஊஞ்சல் எல்லாம் மெதுவாகப் போய் வருபவை. அதிவேக அலைக்கு அலையியற்றி, நொடிக்கு ஒருமுறை ஆடுவதற்கு ஊசலி.

செய்முறைக் குறிப்பில் ஊசலிப் பகுதிக்கு இதைச் சேர்க்கலாம். 15 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி, 500 கிலோ ஓம் வேகத் திருகி. திருகியை மிக மெதுவான பக்கம் வைத்ததும் ஊசலி நின்றுபோகிறது என்பதுதான் இந்தப் பெடலில் அடிக்கடி வரும் புகார். 500 கிலோ வழியாக மின்தேக்கிக்குப் போவது சில மைக்ரோ ஆம்பியர்தான். பழைய எலக்ட்ரோலிட்டிக் வகை மின்தேக்கி கசிய விடுவதும் அதே அளவு. ஊற்றுவதும் ஒழுகுவதும் சமமானால் குடம் நிரம்பாது. டான்டலம் வகை போடுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

"டிக் டிக்" என்று கேட்டால் ஊசலியின் சதுர அலை மின்வழங்கியை இழுக்கிறது என்று பொருள். டிஎல்062 வைப்பதே அதற்காகத்தான், அது பெருக்கிக்கு 0.2 மில்லி ஆம்பியர்தான் குடிக்கும். அதன் மின்வழங்கிக் காலுக்கு முன்னால் 100 ஓம், பின்னால் தரைக்கு 100 மைக்ரோ ஃபாரட். ஊசலியின் கம்பியை உள்ளீட்டு ஜாக்குக்குப் பக்கத்தில் ஓட்டாதீர்கள். பயன்படாத பாதிப் பெருக்கியைத் தொங்க விடாமல் அதன் நேர் உள்ளீட்டை நடு வோல்ட்டேஜுக்கும் (தரைக்கும் 9 வோல்ட்டுக்கும் நடுவே வைத்த நிலை) வெளியீட்டை எதிர் உள்ளீட்டுக்கும் கட்டுங்கள்.

மடல் 7

ஊசலி பிடித்திருக்கிறது. எழுதுவதற்கும் சுளுவு.

ஜேஃபெட் பற்றிப் பேசாமல் இந்த இழையை மூட முடியாது. கட்டியவர்கள் பெரும்பாலும் தோற்பது அங்கேதான். 2என்5952 வகை ஜேஃபெட் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கல்லூரி ஆய்வகங்களில் புழங்கும் பிஎஃப்டபிள்யூ10ஐச் சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கொடுப்பார்கள். வாங்குமுன் யோசியுங்கள். அதை மூடத் தேவைப்படும் கேட் வோல்ட்டேஜ் 8 வோல்ட் வரை போகலாம், பிஎஃப்டபிள்யூ11க்கு 6 வரை. நம் நடு வோல்ட்டேஜோ 5க்குக் கீழே. கேட்டைத் தரை வரை இழுத்தாலும் மூடாது, பள்ளம் மேலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

அளப்பது எளிது. டிரெயின், கேட், சோர்ஸ் என்பவை ஜேஃபெட்டின் கால்கள். டிரெயினை 9 வோல்ட்டுக்கும் கேட்டைத் தரைக்கும் கொடுங்கள். சோர்ஸிலிருந்து தரைக்கு 1 மெகா ஓம். சோர்ஸில் மீட்டர் காட்டுவதுதான் மூடும் வோல்ட்டேஜ், கிட்டத்தட்ட. 1.5க்கும் 2.5க்கும் இடைப்பட்ட நான்கைப் பொறுக்குங்கள். நான்குக்கும் இடையே 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் கூடாது. விரலால் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள், சூட்டில் எண் நகரும். மாட்டி வைத்து அரை நிமிடம் விட்டுப் படியுங்கள்.

0.05 என்று இவ்வளவு கறார் ஏன்? ஊசலி கேட்டுக்கு 3.9 மெகா வழியாகப் போகிறது, நிலை வோல்ட்டேஜ் பிரீசெட்டிலிருந்து (உள்ளே ஒருமுறை திருப்பி வைக்கும் சிறு மாறுதடையம்) 1 மெகா வழியாக வருகிறது. மின்தேக்கியில் 2 வோல்ட் ஆடினாலும் கேட்டுக்கு வந்து சேர்வது 0.4 வோல்ட்தான். ஒரு ஜேஃபெட் 0.1 வோல்ட் பிசகினால் மொத்த ஆட்டத்தில் கால்வாசி போயிற்று. மூன்று படி நகரும், நான்காவது தூங்கும்.

பிரீசெட்டில் வேலை செய்யும் இடம் மிகக் குறுகலாக இருப்பதற்கும் இதே கணக்குதான் காரணம். ஒருமூலையிலிருந்து மறுமூலைக்கு வேகமாகத் திருப்பினால் தாண்டிவிடுவீர்கள், "சுழற்சியே இல்லை" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பல சுற்று பிரீசெட் போட்டு, ஊசலியை நொடிக்கு ஒன்று வைத்து, மயிரிழையாகத் திருப்புங்கள். கேட்டில் மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 10 மெகா மீட்டர் அங்கே 7 சதவீதம் குறைத்துக் காட்டும், மீட்டரை எடுத்ததும் ஒலியும் மாறும். காதை நம்புங்கள்.

மடல் 8

ஒரு திருத்தம். நடு வோல்ட்டேஜுக்கு 5.1 வோல்ட் ஜீனர் (வோல்ட்டேஜை ஓர் அளவில் நிறுத்தும் டயோடு) என்று சுற்றுப்படத்தில் இருக்கிறது, 10 கிலோ வழியாக. அதில் ஓடுவது 0.4 மில்லி ஆம்பியர்தான். அந்த ஓட்டத்தில் ஜீனர் 5.1 காட்டாது, அரை வாட் வகையே குறைவாகக் காட்டும், 1 வாட் வகை இன்னும் கீழே இறங்கும். பழுது என்று நினைத்து மாற்ற வேண்டாம். ஆனால் நடு வோல்ட்டேஜ் இறங்க இறங்க ஜேஃபெட்டை மூட இருக்கும் இடமும் குறையும் என்பதை 7ஆம் மடலோடு சேர்த்துப் படியுங்கள்.

கிதாரின் இரட்டைக் காயில் பிக்கப்பில் மட்டும் ஒலி கரகரத்தால் ஜேஃபெட்டில் தேவைக்கு மேல் குறி ஏறுகிறது. சில நூறு மில்லி வோல்ட் தாண்டினால் அது தடையம்போல நடப்பதை நிறுத்திவிடும். உள்ளீட்டில் குறியைப் பாதியாக்கி, கலவையில் அதைத் திரும்பப் பெருக்குங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். பள்ளநகர்த்தி சரி. அப்படியானால் ஃபிளாஞ்சர் என்ற இன்னொரு பெடலுக்கு? அதுவும் பள்ளம்தானே நகர்த்துகிறது?

மடல் 9

நகர்த்துகிறது, ஆனால் வேறு மாதிரி. அங்கே எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே தாமதம். 1 மில்லிநொடி என்றால் பள்ளங்கள் 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று சீப்பின் பல்போலச் சம இடைவெளியில் வரிசையாக. நம்முடையதில் இரண்டே பள்ளம். ஃபிளாஞ்சர் என்ற பெயர் டேப் சுருளின் விளிம்பை விரலால் அழுத்தியதிலிருந்து வந்தது. "விளிம்பி" என்று பெயர்த்தால் யாருக்கும் எதுவும் புரியாது. "சீப்புநகர்த்தி" என்று வைக்கலாம். பள்ளம், சீப்பு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தானே தெரியும்.

கட்டநகர்த்தியைத் தூக்கி எறிய வேண்டாம். தனிப் படி ஒன்றுக்கு அது மிகச் சரியான பெயர். முழு அனுமதி வடிப்பான் என்று எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

மடல் 10

அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பெட்டி பள்ளநகர்த்தி, அடைப்புக்குறியில் ஒருமுறை ஃபேசர். உள்ளே நான்கு கட்டநகர்த்திப் படிகள், ஓர் ஊசலி. இலங்கை வாசகருக்காக முதல் பக்கத்தில் அவத்தை, தடையி, கொள்ளளவி இணைச்சொற்கள். பிரீசெட் பிரீசெட்டாகவே இருக்கும், கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருள் அது.

பழுது பார்க்கும் பக்கம் பள்ளத்திலிருந்து தொடங்கும். முதலில் கலவையின் இரண்டு 150 கிலோ, அடுத்து ஊசலி ஆடுகிறதா என்பது, பிறகு பிரீசெட், கடைசியில்தான் ஜேஃபெட். படிகளைச் சோதிக்க 100 நானோ ஃபாரட் ஒன்றின் முனையை ஆம்ப்ளிஃபையருக்குக் கட்டி, மறுமுனையால் ஒவ்வொரு படியின் வெளியீட்டையும் தொட வேண்டும். நான்கிலும் ஒலியளவு ஒன்றாக இருக்க வேண்டும். எந்தப் படியில் குறைகிறதோ அங்கே 10 கிலோவைப் பாருங்கள்.

7ஆம் மடல்காரருக்கு ஒரு கேள்வி: பிஎஃப்டபிள்யூ வகையில் நான்காவது கால் உலோக உறைக்கானது. அதைத் தரையில் கட்டச் சொல்லி எழுதட்டுமா, படத்திலேயே போட்டுவிடவா?

மடல் 11

படத்திலேயே போடுங்கள். எழுதினால் படிக்க மாட்டார்கள்.