பாய் இழைத்த கைக்கு தறி வருமா?

ஓலைக்காரி (களுவாஞ்சிக்குடி)
எல்லோருக்கும் வணக்கம். சின்ன வயதில் அம்மம்மாவிடம் பனையோலையில் குட்டான் என்ற சின்னப் பெட்டி இழைக்கப் பழகினேன், மறுகா பன் புல்லில் பாய், பள்ளிக்கூடத்தில் தையல், கலியாணத்துக்குப் பிறகு குரோஷே, இப்போது பேரப்பிள்ளைகளுக்குத் துணிப்பொம்மை. கையில் ஏதாவது வேலை இல்லாவிட்டால் எனக்கு நாள் ஓடாது. ஒன்றையே பிடித்துச் செய்தால் நாலு காசு பார்க்கலாம், இப்படித் தாவினால் எதிலும் தேறமாட்டாய் என்று வீட்டில் சொல்கிறார்கள். மருதமுனைத் தறியில் நெய்த சாரன் (கைலி) ஒன்றின் கரையைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தறியிலும் ஆசை. தெரிந்த வேலைகள் அதற்கு உதவுமா, இல்லை எல்லாமே முதலிலிருந்தா? சப்பங்கிக் கட்டையில் எடுக்கும் சிவப்புச் சாயம் பருத்தி நூலில் பிடிக்குமா?

தறிச்சத்தம் (மருதமுனை)
உதவும் அக்கா, ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. பாயில் ஒன்று மேலே ஒன்று கீழே என்று விரல் செய்வதைத் தறியில் மிதி பார்த்துக்கொள்ளும். மிதித்தால் பாவில், அதாவது நீளவாட்டில் கட்டிய நூலில், பாதி இழை மேலே போகும், பாதி கீழே நிற்கும், நடுவில் குறுக்கு நூலான ஊடையைக் கொண்டு நாடா ஓடும். உங்களுக்குக் கைகொடுக்கப் போவது கரைதான். பாயின் ஓரத்தில் பன்னை மடித்துத் திருப்பும்போது எவ்வளவு இழுக்க வேண்டும் என்று விரலுக்குத் தெரியுமே, ஊடை நூல் திரும்பும் இடத்திலும் அதே கணக்கு. கூட இழுத்தால் துணி ஒடுங்கும், தளர்த்தினால் ஓரத்தில் நூல் வளையமாகத் துருத்தும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். முதலிலிருந்து பழக வேண்டியது பாவு பூட்டுவது. ஒவ்வோர் இழையாக, இழையைத் தூக்கும் விழுதிலும் சீப்பு மாதிரி இருக்கும் அச்சுப் பல்லிலும் கோக்க வேண்டும், ஓர் இழை மாறினாலும் துணி நெடுக அந்தக் கோடு தெரியும். தறி வாங்க அவசரப்படாதீர்கள், முதலில் ஒரு தறிக்குப் பக்கத்தில் இருந்து தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல்குச்சி) சுற்றிக் கொடுங்கள். வாப்பா எங்களை அப்படித்தான் பழக்கினார். அவருடைய தறியை 2004 சுனாமி கொண்டுபோனது, மரம் வாங்கி அடுத்த தறியை அவரே பக்கத்தில் நின்று செய்வித்தார்.

வாவிக்கரை
தாவுவது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் வீச்சுவலை கட்டுகிறவன். மனைவி குரோஷேயில் வட்டமாகப் பின்னும்போது சுற்றுக்குச் சுற்று கண் கூட்டுவதைப் பார்த்தேன். வீச்சுவலையும் உச்சியில் கொஞ்சக் கண்ணோடு தொடங்கி அப்படித்தான் கூட்டிக் கூட்டி விரியும், கூட்டாவிட்டால் குழாய் மாதிரி இறங்கும், தண்ணீரில் வட்டமாக விழாது. அதைப் பார்த்த பிறகு அவளுடைய ஊசியை நானும் வாங்கிப் பழகினேன், இப்போது அவள் என் வலையில் கிழிசல் பார்க்கிறாள். நீங்கள் போய்த் தறியில் உட்காருங்கள் அக்கா.

சாயக்கை
சாயத்துக்கு மட்டும் பதில். பருத்தியில் சப்பங்கி நேராகப் பிடிக்காது. நூலை நன்றாக அவித்துக் கழுவி, கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு படிகாரத் தண்ணீரில் போட்டு, அதற்குப் பிறகுதான் சாயத்தில் இறக்க வேண்டும். இரும்புச் சட்டி வேண்டவே வேண்டாம், சிவப்பு கறுத்து ஊதாப் பக்கம் போய்விடும். வெயிலில் வெளுக்கும் சாயம் இது, நிழலில் உலர்த்துங்கள்.

ஓலைக்காரி (களுவாஞ்சிக்குடி)
எல்லோருக்கும் பெரிய நன்றி. கடுக்காய் வீட்டிலேயே இருக்கிறது, இன்றைக்கே ஒரு கழி நூலை ஊறப்போடுகிறேன். தம்பி, வெள்ளிக்கிழமை உங்கள் பக்கம் தறி ஓடாதுதானே, சனிக்கிழமை காலையில் தார் சுற்ற வரட்டுமா?