நெரிசலில் இடைவெளி தேடி நுழையும் இருசக்கர வாகனங்கள்

கேள்வி:
தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் நாள்தோறும் பைக்கில் செல்லும் என் மகன், பேருந்துகளுக்கு இடையே கிடைக்கும் சிறு இடைவெளியில் புகுந்து முன்னேறுவதை வழக்கமாக்கிக்கொண்டான். கேட்டால், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள் என்கிறான். அதன் ஆபத்தை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

மறுமொழி 1:
ஐயா, நான் இருபது ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுகிறேன். எங்கள் இருக்கை வலப்புறம் இருப்பதால், இடப்பக்கம் பேருந்தை ஒட்டி வரும் பைக் பல நேரங்களில் கண்ணாடியிலும் தெரிவதில்லை. மேலும், பேருந்து இடப்புறம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் வளைவின் உட்பக்கமாக நெருங்கி வருவதால், நுழையும்போது அகலமாகத் தெரிந்த இடைவெளி, திரும்பி முடிப்பதற்குள் நடைபாதை விளிம்புவரை சுருங்கிவிடும். ஒருமுறை பயணி ஒருவர் கத்தியதால்தான் நிறுத்தினேன். பின்சக்கரத்தருகே ஓர் இளைஞர் விழுந்து கிடந்தார். உயிர் பிழைத்தார். அன்றிரவு நான் உறங்கவில்லை. நின்றிருக்கும் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் தம்பியை ஒருநாள் அமர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
வேகத்தையும் எடுத்துச் சொல்லுங்கள். மணிக்கு 40 கி.மீ. என்பது நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். தேங்கி நிற்கும் வரிசையில் யாரேனும் கார்க் கதவைத் திறந்தாலோ, பேருந்துக்கு முன்னாலிருந்து ஒருவர் சாலையைக் கடக்க வெளிப்பட்டாலோ, கை பிரேக்கை எட்டுவதற்குள் அந்தத் தூரம் போய்விடும். 2019 திருத்தத்துக்குப் பின், சட்டத்துக்கு மாறாக முந்திச் செல்வதும் அபாயகரமாக வாகனம் ஓட்டுவதைத் தண்டிக்கும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பேருந்து ஓட்டும் உறவினர் ஒருவர் இருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமையே மகனை அவரிடம் அழைத்துச் செல்கிறேன்.