புதுப்பிப்பு: முதல் குத்துச்சண்டைப் போட்டி முடிந்தது
கை நடுங்குகிறது, சோறு இறங்கவில்லை, என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். போட்டி ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. புள்ளிக் கணக்கில் தோற்றேன். ஆனால் பயந்தபடி உறைந்து நிற்கவில்லை.

நீங்கள் சொன்னதில் ரொம்ப உதவியது மூச்சுதான். 4 எண்ணும்வரை இழுத்து, 8 எண்ணும்வரை மெதுவாக விட்டேன். மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. கையில் துணிப்பட்டி சுற்றும்போதும் அதை நிறுத்தவில்லை.

காத்திருப்புதான் கொடுமை. காலை 7 மணிக்கு எடை பார்த்தார்கள். என் முறை வந்தது மதியம் 2 மணிக்கு. அதற்குள் மனதிலேயே பலமுறை சண்டை போட்டுக் களைத்துவிட்டேன். ஒரு சண்டை 3 நிமிடமாக 3 ரவுண்டு, நடுவில் ஒரு நிமிட ஓய்வு, ஆக 11 நிமிடம். அடுத்த முறை எனக்கு முன்னால் மூன்று சண்டை இருக்கும்போதுதான் வார்ம்அப். அதுவரை பாட்டு, தூக்கம், வாழைப்பழம்.

அப்புறம், பதற்றமே வராமல் தடுக்க முடியுமா என்றும் கேட்டிருந்தேன். பதற்றத்தில் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் வரத்தான் செய்யும். முதல் ரவுண்டிலேயே அதை முழுக்கக் கொட்டிவிட்டேன்; இரண்டாவதில் கை தூக்க முடியவில்லை. "முதல் முப்பது வினாடி ஜாப் மட்டும் போடு தம்பி" (ஜாப் என்றால் முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து) என்று பயிற்சியாளர் அண்ணன் சொல்லியிருந்தார். இந்த வாரம் அதைத்தான் பழகுகிறேன்.