பழைய ரேம், போர்டுல இருந்து வீட்லயே தங்கம் எடுக்கலாமா?

பென்னாகரம் பையன்:
வணக்கம்ணா. தர்மபுரி டவுன்ல சின்னதா மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். ஆறு வருசமா சேர்ந்த டெட் போர்டு, பழைய கம்ப்யூட்டர் ரேம், சிம் கார்டுனு ரெண்டு மூட்டை கெடக்கு, காயலாங்கடைல போட்டா பிளாஸ்டிக் விலைக்கு கேக்கறான். யூடியூப்ல ஒருத்தர் பக்கெட்ல ரெண்டு ஆசிட்ட ஊத்தி கடைசில பட்டாணி சைஸுக்கு தங்கத்த உருட்டி காட்றாரு. தங்கம் விக்கிற விலைல இத தூக்கி போட மனசு வரல. வீட்டு மாடில செஞ்சா எவ்ளோ தேறும்? யாராச்சும் செஞ்சிருக்கீங்களா?

ஓசூர் நைட் ஷிப்ட்:
நான் பிளேட்டிங் லைன்ல, அதாவது உலோக முலாம் பூசற எடத்துல வேலை பாக்கறவன். ரேம் கால்ல, அதாவது ஸ்லாட்ல சொருகற ஓரத்துல தெரியற மஞ்சள் அவ்ளோவும் தங்கம் இல்ல தம்பி, அடில செம்பு, மேல நிக்கல், அதுக்கு மேலதான் தங்கம், அதுவும் பெரும்பாலும் ஒரு மைக்ரான் கூட இருக்காது. சரி ஒரு மைக்ரான்னே வெச்சிக்க. தங்கத்தோட அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், அப்ப ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் கூட வரல. ஒரு கிராம் தேத்தணும்னா 500 சதுர சென்டிமீட்டருக்கு மேல வேணும், அதுவும் வெறும் கால் மட்டும், பச்சை போர்டு கணக்கில்ல. செல்போன் போர்டுல பேட் மேல, அதாவது சாலிடர் வெக்கிற சின்ன திட்டு மேல பூசறது இதுல பத்துல ஒரு பங்குதான். வீடியோக்காரன் எத்தன மூட்டை கரைச்சான்னு சொன்னானா?

காவேரிப்பட்டணத்தான்:
நான் செஞ்சிருக்கேன், அதனால சொல்றேன், வேணாம். கொல்லைல புளியமரத்தடில வெச்சிதான் செஞ்சேன், காத்தோட்டமா இருக்குன்னு தைரியம். நைட்ரிக் ஆசிட் ஊத்தினதும் செங்காவி கலர்ல புகை குப்புனு வந்துச்சு, ஒரு நிமிசம் இருமிட்டு சரியாயிட்டேன்னு நெனச்சி சோறு தின்னுட்டு படுத்துட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்குது, நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி. அந்த புகை நுரையீரல்ல பல மணி நேரம் கழிச்சிதான் நீர் கோக்குமாம், டாக்டர் திட்டிக்கிட்டே ஆக்சிஜன் வெச்சாரு. சரி தங்கமாவது வந்துச்சான்னா அதுவும் இல்ல. சாலிடர்ல இருக்கற ஈயம் வெள்ளீயத்த நான் தனியா எடுக்கல, வெள்ளீயம் கோலமாவு கரைச்ச மாதிரி வெள்ளையா நின்னுக்கிச்சு, வடிகட்டுனா ஒரு சொட்டு எறங்கல. பக்கத்துல நிறுத்தியிருந்த சைக்கிள் செயின் ஒரே வாரத்துல துரு ஏறி போச்சு. மிச்சமான பச்சை தண்ணி மூணு வருசமா கேன்லயே கெடக்கு, எங்க ஊத்தறது? நம்ம பக்கம் போர் தண்ணில ஏற்கனவே புளோரைடு, பல்லெல்லாம் காவி, இதுல நிக்கலும் செம்பும் வேற சேரணுமா.

பத்தர் வீட்டு பேரன்:
எங்க தாத்தா ராஜதிராவகம், அதாவது நைட்ரிக்கும் ஹைட்ரோகுளோரிக்கும் கலந்த ஆசிட் வெச்சி தங்கம் சுத்தம் பண்ணுவாரு. ஆனா அவரு கைல இருந்தது பட்டறை மண்ணு, ராவுன தூளு, அதுல தங்கம் இருக்கும். உன் மூட்டைல இருக்கறது செம்பும் இரும்பும் கண்ணாடி நாரும். நம்ம பக்கத்துல கோலார் சுரங்கத்தையே 2001ல மூடுனாங்க, தங்கம் சுத்தமா தீர்ந்து போயா? எடுக்கற செலவுக்கு கட்டல, அவ்ளோதான். இன்னொன்னு, 2022 மின்கழிவு விதிப்படி, அது 2023 ஏப்ரல்ல இருந்து அமலுக்கு வந்துருச்சு, மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துல ரிஜிஸ்டர் பண்ணாம ரீசைக்கிளிங் செய்யக்கூடாது. மாடில புகை வந்து பக்கத்து வீட்டுக்காரன் புகார் குடுத்தா என்ன சொல்லுவ?

காசு வேணும்னா மூட்டைய பிரி. முதல்ல ரேம ஒவ்வொன்னா போட்டு பாரு, ஓடற ரேம் ஒன்னு விக்கிற விலை அதுல இருக்கற தங்கத்த விட ஜாஸ்தி. ஓடாதத ரேம் தனி, செல்போன் போர்டு தனி, சார்ஜர் போர்டு தனின்னு வெச்சி, ரிஜிஸ்டர் ஆன ரீசைக்கிளர் எடுக்கறவங்ககிட்ட எடை போடு. கலந்து குடுத்தா எல்லாத்துக்கும் மட்ட விலைதான் போடுவான்.

பென்னாகரம் பையன்:
அண்ணா எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி உக்காந்து 41 ரேம் போட்டு பாத்தேன், 17 ஓடுது 😅. ஒரே பிரச்சனை, நைட்ரிக் ஏற்கனவே அரை லிட்டர் வாங்கிட்டேன், சீல் உடைக்கல. கடைக்காரர் திருப்பி எடுத்துக்க மாட்டேங்கறாரு. பாத்ரூம்ல ஊத்திடலாமா?

பத்தர் வீட்டு பேரன்:
ஊத்தாத! மரத்தூள், துணி, பினாயில் பக்கத்துலயும் வெக்காத, நிமித்தி தனியா வை. கடைவீதில உரசி பாக்கற பத்தர் யாராவது தெரிஞ்சா சீலோட குடு, அவருக்கு அது தெனமும் வேணும். பாதி காசு தந்தாலும் வாங்கிக்க.